முகத்தில் விழாத முத்திரை

"சீல் விழாத ஸ்டாம்பு இன்னும் நம்ம பெட்டியில இருக்கிற ஸ்டாம்புதாம்மா, ஊருக்குக் கிளம்பின ஸ்டாம்பு இல்ல" என்று எனக்கு முதலில் சொன்னவர் முனுசாமி அண்ணன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தச் சின்னத் தபால் ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக் காலையில் சொன்னார். என் வீட்டுக்காரர் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. முனுசாமி அண்ணன் அன்றைக்கே முத்திரைக் கட்டையை என் கையில் கொடுத்துவிட்டு வேறு ஆபீசுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

தபால் ஆபீஸ் வேலை என்பது மற்றவர்களுடைய அவசரத்தைக் கையில் வாங்கி, நிதானமாகத் தேதி போட்டு அனுப்புகிற வேலை. க்யூவில் நின்று கால் கடுத்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், கோபப்பட மாட்டேன். கம்பிக்கு உள்ளே நிற்கிறவர்களுக்கும் கால் உண்டு.

என் வேலைக்குப் பேக்கர் என்று பெயர். மூட்டை பிரிப்பது, கட்டுவது, கடிதங்களுக்கு முத்திரை அடிப்பது. நான் படித்தது பத்தாவது. மகன் ஒரகடம் பக்கம் கம்பெனியில் இருக்கிறான், மகளைச் செங்கல்பட்டில் கொடுத்திருக்கிறேன். தினமும் காலையில் முத்திரையில் தேதி எழுத்தை மாற்றி, அதற்கென்று இருக்கிற நோட்டில் ஒரு முறை அடித்துப் பார்த்து, கட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். காமாட்சி அம்மனை நினைத்துக்கொண்டு முதல் கடிதத்தில் அடித்தால் மீதி தானாக நடக்கும். அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, அந்த அம்மா வருகிற வரைக்கும்.

மூட்டையில் வந்தவர்

ஒரு நாள் காலை மூட்டையில் வழக்கமான ஸ்டாம்புகளோடு புதுசாக நாலைந்து ஷீட் வந்தது. எங்கள் போஸ்ட்மாஸ்டர் பவித்ரா மேடத்துக்கு என் மகள் வயசு. ஸ்டாம்போடு வந்த காகிதத்தை அவர்தான் எங்களுக்குப் படித்துச் சொன்னார். ஒரு பெண் விஞ்ஞானியின் நினைவாக வெளியிட்ட ஸ்டாம்பு. பெண்பிள்ளைகளை ஆராய்ச்சிக் கூடத்து வாசலில்கூட நிற்க விடாத காலத்தில் உள்ளே போய் உட்கார்ந்தவராம். பட்டுப்பூச்சியின் முட்டையில் நோய் இருக்கிறதா இல்லையா என்று, புழு வெளியே வருவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்க வழி சொன்னவராம். அதற்காக வாழ்நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பெயரை மேடம் இரண்டு முறை படித்தார். என் வாயில் நுழைந்தது "அந்த அம்மா" என்பதுதான்.

நான் ஷீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சாதா நூல் புடவை, இழுத்துச் செருகின முந்தானை, மூக்குக் கண்ணாடி. குனிந்து மைக்ராஸ்கோப்பைப் பார்க்கிறார். ஓரத்தில் இலைமேல் ஒரு புழு. அவர் நம்மைப் பார்க்கவே இல்லை. விளக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பின்னால் நின்று எட்டிப் பார்த்த போஸ்ட்மேன் செல்வம் மட்டும் அசரவில்லை. "யக்கா, புழுவப் பார்த்தவங்களுக்கே ஸ்டாம்பு போட்டுட்டாங்க, நாய் கடிச்ச போஸ்ட்மேனுக்கு எப்ப போடுவாங்க?"

நூலுக்கும் ஒரு முகம்

நாகம்மா பட்டுத் தறிக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். மாமியாருடைய பென்ஷன் விஷயமாக மாதம் ஒரு மனு அனுப்புவார். பதில் வராது. ஆனாலும் அனுப்புவார். நம்மில் எத்தனை பேர் அப்படி அனுப்பியிருக்கிறோம், சொல்லுங்கள்! அன்றைக்கு அவருக்கு அந்த ஸ்டாம்பைக் கொடுத்தேன். எச்சில் தொட்டு ஒட்டப் போனவர் நிறுத்திவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இன்னாமா இது, ஓரத்துல?"

"பட்டுப்புழுமா. அந்த அம்மாதான் இதுக்கு வர்ற சீக்கைக் கண்டுபிடிச்சாங்களாம்."

"சீக்கா? இதுக்கா?" என்றார். நூல் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும். அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று நாகம்மாவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. சாமிக்குச் சாத்துகிற பட்டைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அது ஒரு உயிர் கக்கினது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நாகம்மா ஸ்டாம்பை இன்னும் கிட்டே பிடித்துப் பார்த்தார். பின்னால் நின்றவர் "சீக்கிரமாமா" என்று முனகியதும் நிமிர்ந்து சொன்னார், "முப்பத்தஞ்சு வருசமா இது கக்கின நூல்லதான் சோறு துன்றேன், இன்னிக்குத்தாம்மா மூஞ்சியப் பாக்கறேன்!"

பட்டு கட்டாதவர்

மாகறல் பக்கத்திலிருந்து வருகிற ஜினதாஸ் ஐயா ஜைனர், விவசாயக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். அவர் வீட்டில் கல்யாணத்துக்குக்கூடப் பட்டு கட்ட மாட்டார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு பட்டைத் தொடாதவர்! ஆயிரக்கணக்கான புழுவை வெந்நீரில் போட்டுத்தானே ஒரு புடவை? அது அவருக்கு ஒப்பாது.

அன்றைக்கே வந்த அவரிடம் இந்த ஸ்டாம்பை நீட்டும்போதே வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். எதிர்பார்த்தபடியே, "வேற ஸ்டாம்பு இருக்குதாமா?" என்றார். நான் எடுத்துக்கொடுக்கப் போனேன். அதற்குள் பவித்ரா மேடம், அந்த அம்மா புழுக்களை நோயிலிருந்து காப்பாற்றின கதையைச் சொல்லிவிட்டார். ஐயா ஸ்டாம்பைத் திரும்ப வாங்கினார். அந்தக் குனிந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில் கவரை என் பக்கம் தள்ளினார். "காப்பாத்தினவங்க ஒருத்தங்க, வேக வெச்சவங்க வேற ஒருத்தங்க. இவங்களை ஒட்டுங்கம்மா."

கை நின்ற இடம்

அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மூட்டை கட்ட உட்கார்ந்தேன். கட்டையை மையில் தொட்டேன். முதல் கவரில் காந்தித் தாத்தா, அடித்தேன். இரண்டாவது கவரில் ஏதோ ஒரு கோயில் தூண், அடித்தேன். மூன்றாவது ஜினதாஸ் ஐயாவின் கவர். கை மேலே போய் நின்றுவிட்டது.

பதினெட்டு வருஷமாக எத்தனை பெரியவர்கள் முகத்தில் கறுப்பு மையை அடித்திருப்பேன்! அவர்களெல்லாம் நம்மை நிமிர்ந்து பார்ப்பார்கள். அடிப்பதைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள். இந்த அம்மா பார்க்கவே இல்லை. வேலையில் இருக்கிறார். பூஜையில் இருக்கிறவர் கன்னத்தில் யாராவது அடிப்பார்களா? நான் கட்டையை ஒரு விரல் நகர்த்தி, ஸ்டாம்பைத் தொடாமல் வெறும் கவரில் அடித்தேன். தேதி விழுந்தது, ஊர்ப்பெயர் விழுந்தது, அந்த அம்மாவின் மேல் ஒரு புள்ளி மைகூட இல்லை. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாளும் அப்படியே செய்தேன். அந்த வாரம் முழுக்க, அந்த அம்மா வந்த ஒவ்வொரு கவருக்கும் அப்படியே.

செல்வம் ஒரு நாள் மூட்டையைத் தூக்கும்போது மேலே இருந்த கவரைப் பார்த்துவிட்டான். நான் அவசரமாக வாயைக் கட்டினேன். என் வாயையல்ல, மூட்டை வாயை. அவன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான், "யக்கா, சீல் கவர் மேல வுழுந்துருக்குது, ஸ்டாம்பு தப்பிச்சிக்கினு போவுது!"

ஏழு நாள் கெடு

தப்பிக்கவில்லை. வழியில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிற ஆபீசில் பிடித்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து எனக்கு மெமோ வந்தது. முத்திரை படாத ஸ்டாம்பைப் பிரித்தெடுத்து மறுபடி விற்கலாம் அல்லவா? அந்த எண்ணத்தோடுதான் ஒரே வகை ஸ்டாம்புகளை வேண்டுமென்றே விட்டுவைத்தீர்களா என்று கேட்டிருந்தார்கள். ஏழு நாளில் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் வேலையிலிருந்து நிறுத்திவைக்க நேரிடும். பவித்ரா மேடம்தான் படித்துச் சொன்னார். வேலை போனால் மகன் சோறு போடுவான், அது பயமில்லை. திருடி என்ற பெயரோடு இந்த ஊர்த் தெருவில் எப்படி நடப்பேன்?

மேடம் நல்ல பெண். குரலைத் தாழ்த்தி, "அம்மா, மை காஞ்சிபோச்சு, கவனிக்கலைன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க, நான் சமாளிச்சுக்கறேன்" என்றார். காய்ந்த மையில் தேதி மட்டும் எப்படிப் பளிச்சென்று விழுந்தது? அதைவிட, பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் எந்த முகத்தோடு விளக்கேற்றுவது? உண்மையை எழுதினாலோ, நம்புவார்களா? பைத்தியம் என்பார்கள். வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டு அழுதேன். அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஏம்மா, நீ கும்பிடறதுக்கு வேற எடமே கெடைக்கலியா, கவர்மெண்டு கவர்தான் கெடைச்சுதா?"

கண்ணாடி கழுவினவர்

ஆறாம் நாள் மதியம், கூட்டம் இல்லாத நேரம். வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, எழுபது வயசிருக்கும். தாமலிலிருந்து பஸ்சில் வந்ததாகச் சொன்னார். பெயர் எஸ்தர். "எங்க பாஸ்டர் போன்ல படம் காட்டினாரு. அந்த ஸ்டாம்பு இங்க இருக்குதாமே?" என்றார். எடுத்து நீட்டினேன். பார்த்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். கல்யாணம் ஆகிக் கணவரோடு வெளி மாநிலத்துக்குப் போனபோது, அங்கே அந்த அம்மாவின் ஆராய்ச்சிக் கூடத்தில் இவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் வைக்கிற கண்ணாடித் துண்டுகளைக் கழுவுகிற வேலை. "ஒரு நாளைக்குக் கூடை கூடையா கழுவுவேன்மா. ஒவ்வொண்ணையும் அவங்க பார்த்தாவணும். ஒரு தடவ ஒரு பொட்டி முட்டைக்கு சீக்கு இல்லன்னு சீட்டு எழுதிட்டாங்க. மறுநாள் பார்த்தா தப்பு. யாருக்கும் தெரியாது, எனக்கும் அவங்களுக்கும்தான் தெரியும். அவங்களே பஸ் புடிச்சி அந்த விவசாயி ஊட்டுக்குப் போயி, நான் தப்பாப் பார்த்துட்டேன், முட்டைய எரிச்சுடுங்கன்னு சொல்லிட்டு வந்தாங்க. அவன் வாய்க்கு வந்தபடி திட்டினான். நின்னு கேட்டுக்கினாங்க."

எனக்கு யாரோ உள்ளே மணி அடித்த மாதிரி இருந்தது. எஸ்தரம்மா ஒரு கவர் வாங்கி, தன் பெயரையும் தன் விலாசத்தையுமே எழுதி, ஸ்டாம்பை ஒட்டி என்னிடம் கொடுத்தார். "எனக்கே அனுப்பிக்கறேன். சீலு நல்லா வுழணும், தேதி தெரியணும்" என்றார். நான் கட்டையை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். கடைசியில் அவரிடமே சொல்லிவிட்டேன், அந்த முகத்தில் அடிக்க எனக்குக் கை வரவில்லை என்று. அவர் பல் போன வாயைத் திறந்து சிரித்தார். "அட போம்மா, கண்ணாடித் துண்டுல போடற சாயம் தொட்ட வெரலாலயே மூக்குக் கண்ணாடியத் தள்ளி வுடுவாங்க, தெனைக்கும் மூக்கு மேல நீலப் புள்ளி இருக்கும். மை இல்லாம அந்த மூஞ்சிய நான் பார்த்ததே இல்ல, அடி!"

இன்ஸ்பெக்டர் காட்டின படம்

அடித்தேன். அன்று இரவே விளக்கமும் எழுதினேன், அரைப் பக்கம். "ஐயா, அந்த அம்மா வேலையில் இருப்பதைப் பார்த்து எனக்குக் கை வரவில்லை. விற்கிற எண்ணம் சத்தியமாக இல்லை. தப்பு என்னுடையது, மேடத்துக்குத் தெரியாது." இவ்வளவுதான். மேடம் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் ஒரு எழுத்தை மாற்றாமல் அனுப்பினார்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் நேரில் வந்தார். சிடுசிடுப்பானவர் என்று பெயர். ஸ்டாம்புக் கையிருப்பைப் பார்த்தார், முத்திரை நோட்டைப் புரட்டினார், செல்வத்தைக் கேட்டார். பிறகு என் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். "கை வரலைன்னு எழுதியிருக்கீங்க. என் இத்தனை வருஷ சர்வீஸ்ல மை வரலை, மூட்டை வரலை, ஆள் வரலைன்னு எழுதினதைத்தான் பார்த்திருக்கேன்." நான் தலை குனிந்து நின்றேன். "நிஜமா இதானா காரணம்?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா" என்றேன்.

அவர் போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். நான் அனுப்பின கவர்கள்தான். பிடித்த ஆபீசில் எடுத்த படங்கள். முத்திரை படாத ஸ்டாம்பை அப்படியே விடக் கூடாதாம், பேனாவால் அடித்துத்தான் அனுப்ப வேண்டுமாம். ஒவ்வொரு கவரிலும் அந்த அம்மாவின் முகத்தில் நீலப் பேனாவால் குறுக்கே ஒரு பெருக்கல் குறி. யாரோ அவசரத்தில் கிழிக்கிற மாதிரி அழுத்திப் போட்டிருந்தார்கள். ஒன்றில் கண்ணாடி மேலேயே. நாகம்மா கவரில் புழுவையும் சேர்த்து. "ஐயோ, என் தாயே" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். இன்ஸ்பெக்டர் போனை மெதுவாகப் பையில் போட்டார். குரலில் சிடுசிடுப்பு இல்லை. "போற வழியில யாராவது ஒருத்தர் அடிச்சே ஆகணும்மா. உங்க கை வரலைன்னா, அவங்களை யாருன்னே தெரியாத ஒரு கைதான் வரும்."

எச்சரிக்கை என்று ஒரு காகிதம் வந்தது, என் பைலில் இருக்கிறது. வேலையும் இருக்கிறது. திருடி என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஷீட்டுகளில் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. இப்போது அந்த அம்மா வந்தால் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, ஸ்டாம்பின் கீழ் மூலையில் கால் வட்டம் மட்டும் விழுகிற மாதிரி வைத்து எடுக்கிறேன். சட்டத்துக்கு அது போதும் என்று மேடம் பார்த்துச் சொல்லிவிட்டார். நாள் முழுக்கக் கண்ணாடித் துண்டைப் பார்த்தவருக்கு, ஒரு கவருக்கு ஒரு மூச்சு நான் தரக் கூடாதா?

பதினெட்டு வருஷம் யோசிக்காமல் அடித்தபோது வராத மெமோ, ஒரு வாரம் பக்தியோடு அடிக்காமல் இருந்ததற்கு வந்தது என்பதுதான் என் உத்தியோகத்தின் மொத்தக் கதை. உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை கவரில் ஸ்டாம்பு ஒட்டும்போது ஓரத்தோடு ஓரமாகத் தள்ளி ஒட்டாமல், மீதி முக்கால் வட்டம் கவரில் விழ, சுற்றிலும் ஒரு விரல் இடம் விட்டு ஒட்டுங்களேன்.